20 கேஜ் ஷாட்கனுக்கு எந்த பக்‌ஷாட்? கோளாறைப் பார்த்துப் பிடிக்கிற வழி

பக்‌ஷாட்னா ஷாட்கன் கேட்ரிஜுக்குள்ள, அதாவது தோட்டாவுக்குள்ள, அடைச்சிருக்குற பெரிய ஈய ரவைங்க. முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். நம்ம மலேசியாவுல வீட்டுப் பாதுகாப்புக்குன்னு கடைக்குப் போயி ஷாட்கன் வாங்குற கதையே கிடையாது. 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டும் இல்ல, ஒத்தத் தோட்டாவுக்கும் லைசன் வேணும், லைசன் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா 1971 சட்டத்துல 14 வருஷம் வரைக்கும் ஜெயிலு, அதோட ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி, பிரம்படி. அதனால இது பட்டர்வொர்த்துலயோ கேஎல்லயோ தாமான் வீட்டுல இருக்குறவங்களுக்காக எழுதுனது இல்ல, அவங்களுக்கு நல்ல கிரில்லும் குரைக்கிற நாயும் போதும். டெக்சாஸ், ஜார்ஜியா, நார்த் கரோலினான்னு வேலைக்குப் போயி அங்கயே வீடு வாங்கி உக்காந்துட்ட நம்ம பிள்ளைங்களுக்கு எழுதுனது.

எங்க அப்பா பாலிக் புலாவ்ல டுரியான் தோட்டம் வச்சிருந்த காலத்துல காட்டுப்பன்னித் தொல்லைக்கு லைசன் எடுத்து ஒரு செனாபாங் பாத்தா, அதான் குழலை மடக்கித் தோட்டா போடுற ஷாட்கன், வச்சிருந்தாரு, நான் அதைத் துடைச்சே வளர்ந்தவன், அப்புறம் அக்கா குடும்பம் ஹூஸ்டன் போனதுல இருந்து அங்க போறப்பல்லாம் சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போவேன், அதான் சொந்தக்காரப் பசங்க எல்லாம் வாட்ஸாப்ல என்னையே பிடிக்கிறாங்க. முக்கால்வாசிப் பேரு வீட்டுல இருக்குறது 20 கேஜ், ஏன்னா மனைவியும் தூக்கணும், வயசான மாமியாரும் அங்கதான் இருக்காங்க. கேக்குறது எல்லாம் ஒரே கேள்விதான்: "மாமா எந்தக் கேட்ரிஜ் நல்லது, பேர் சொல்லுங்க." பேர் சொல்லிப் பிரயோசனம் இல்ல. ஒரே கம்பெனி, ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்து சீரியல் நம்பர் உள்ள ரெண்டு துப்பாக்கி கூட ஒரே கேட்ரிஜை ரெண்டு விதமா குறித்தாள்ல போடும். அதனால என்ன கோளாறு தெரியுதுன்னு பார்த்து அங்கிருந்து பின்னாடி வரணும்.

கீழ சொல்றது எதைச் செஞ்சாலும் முதல்ல துப்பாக்கியைக் காலி பண்ணுங்க, கேட்ரிஜ் உக்காருற சேம்பர்ல விரல் விட்டுத் தடவிப் பாருங்க, உபரிக் கேட்ரிஜ் நிக்கிற மேகசின் டியூப்லயும் பாருங்க, கண்ணை மட்டும் நம்பாதீங்க.

"12 கேஜ்காரன் எல்லாம் டபுள் ஆட் போடுறான், 20ல அது ஷெல்ஃப்லயே இல்ல"

டபுள் ஆட்னா 00னு குறிக்கிற பெரிய பக்‌ஷாட். இது கோளாறே இல்ல, கணக்கு. கேஜ்னா என்ன, குழலோட வாய் அளவுக்கு ஈய உருண்டை செஞ்சா ஒரு பவுண்டுக்கு எத்தனை உருண்டை வரும்ங்கிற எண்ணிக்கை. 12 உருண்டை வந்தா 12 கேஜ், வாய் அகலம் .729 இஞ்ச். 20 உருண்டை வந்தா 20 கேஜ், .615 இஞ்ச். எண்ணு பெருசாக பெருசாகக் குழல் சின்னதாகும்.

டபுள் ஆட் ரவை ஒன்னு .33 இஞ்ச் குறுக்களவு. மூணு உருண்டையை ஒரு வட்டத்துக்குள்ள ஒட்டி வைக்கணும்னா அந்த வட்டம் உருண்டையோட அளவை விட ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கணும், சரியா சொன்னா 2.15 மடங்கு. .33ஐப் பெருக்கிப் பாருங்க, .71 வருது. 12 கேஜ்ல இடிச்சுப் பிடிச்சு உக்காந்துடும், அடுக்குக்கு மூணு, மூணு அடுக்கு, ஒன்பது ரவை, அதான் எல்லாரும் பேசுற அந்த ஒன்பது ரவை லோடு. 20 கேஜ்ல .615 தான இருக்கு, மூணு போகாது, ரெண்டு ரெண்டா வச்சா இடம் வீணாப்போகும். கம்பெனிக்காரன் அதனாலதான் ரவையைச் சின்னதாக்குறான்.

20ல அதிகமாக் கிடைக்கிறது 3ம் நம்பர் பக், .25 இஞ்ச். ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் எல்லாம் ரெண்டே முக்கால் இஞ்ச் கேட்ரிஜ்ல 20 ரவை வச்சு இதைத்தான் பல வருஷமா வித்துக்கிட்டு வர்றாங்க. மூணு இஞ்ச் கேட்ரிஜ் போடுற துப்பாக்கின்னா ஃபெடரல்ல 2ம் நம்பர் பக் 18 ரவை இருக்கு, .27 இஞ்ச். சில கம்பெனி 1ம் நம்பர் பக்கும் 20ல போடுறாங்க, .30 இஞ்ச், ஆனா எண்ணிக்கை கொஞ்சமாத்தான் இருக்கும், எல்லாக் கடையிலயும் இருக்காது.

இப்ப நம்ம பசங்க மனசுல இருக்குற குறை, "20 கேஜ்னா பாதி சக்திதான"ன்னு. இல்லலா. தோட்டாக்காரங்க எடையைக் கிரெயின்லதான் சொல்லுவாங்க, 3ம் நம்பர் ரவை ஒன்னு 23 கிரெயின் சொச்சம், 20 ரவை சேர்ந்தா 470 கிரெயின் பக்கத்துல வருது. டபுள் ஆட் ஒன்னு 54 கிரெயின், ஒன்பதுக்கு 485. மொத்த ஈயம் கிட்டத்தட்ட ஒன்னுதான், ரெண்டுமே ஒரு அவுன்சுக்குக் கொஞ்சம் மேல. வித்தியாசம் எங்கன்னா அந்த ஈயத்தை எத்தனை துண்டாப் பிரிக்கிறோம்ங்கிறதுல. சின்னத் துண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், உள்ள போற ஆழம் குறையும்.

ஆழத்துக்கு அளவுகோல் எஃப்பிஐ வச்சது. 1986ல மயாமி துப்பாக்கிச் சண்டையில ரெண்டு ஏஜென்ட் செத்ததுக்கு அப்புறம் அவங்க தோட்டாச் சோதனையை முறைப்படுத்துனாங்க, உடம்புச் சதைக்குப் பதிலா வைக்கிற ஜெலட்டின் கட்டியில 12 இஞ்சுக்குக் குறையாமலும் 18ஐத் தாண்டாமலும் போகணும்னு. அது கைத்துப்பாக்கிக்கு வந்த அளவு, ஆனா ஷாட்கன் ஆளுங்களும் அதையேதான் பிடிச்சுக்கிட்டாங்க. 20 கேஜ்ல 3ம் நம்பர் அந்த 12 இஞ்ச் கோட்டை ஒட்டித்தான் நிக்கும், சில லோடு தாண்டும், சிலது கோட்டுக்கு முன்னாடியே நின்னுடும். 2ம் நம்பர்ல கையிருப்பு கூடுது. 1ம் நம்பர் இன்னும் நல்லது. 4ம் நம்பர், .24 இஞ்ச், என்னைக் கேட்டா அதுக்குக் கீழ போகாதீங்கன்னு சொல்ற எல்லைக்கல், 3 கிடைக்கிற இடத்துல அதை வாங்க எனக்குக் காரணம் தெரியல.

என் வரிசை இதுதான்: துப்பாக்கி மூணு இஞ்ச் ஏத்துக்கிட்டு, சுடுறவங்க தோளும் ஏத்துக்கிட்டா 2ம் நம்பர். இல்லன்னா ரெண்டே முக்கால்ல 3ம் நம்பர், அதுலயும் ரவைக்கு முலாம் பூசுனது, நடுவுல வெள்ளை பிளாஸ்டிக் தூள் போட்டு அடைச்சது. ஏன்னு அடுத்த கோளாறுல வருது. குருவி சுடுற பொடி ரவை வேண்டவே வேண்டாம், "பக்கத்துல சுட்டா அதுவே போதும்"னு எவனாவது சொன்னா அவன் ஜெலட்டின்ல பார்த்ததே இல்லன்னு அர்த்தம், பார்க்கக் கோரமா மேலாகக் கிழிக்கும், உள்ள போகாது.

"தாள்ல ரவை சிதறிப்போகுது, ஒன்னு ரெண்டு எங்க போச்சுன்னே தெரியல"

இதுக்குத்தான் அதிகம் நேரம் செலவழிக்கணும், ஆனா இதைத்தான் யாரும் செய்றதில்ல. கேட்ரிஜ் வாங்கி அலமாரியில வச்சுட்டு அதோட முடிஞ்சிதுன்னு இருக்காங்க.

முதல்ல வீட்டுக்குள்ள அளவு டேப்பை இழுங்க. படுக்கையறைக் கதவுல இருந்து மாடிப்படி முடியுற இடம் வரைக்கும், ஹால்ல ஒரு மூலையில இருந்து எதிர்மூலை வரைக்கும், எது நீளமான கோடோ அதை எழுதி வைங்க. பெரும்பாலான வீட்டுல 10 கஜத்தைத் தாண்டாது, ஒன்பது மீட்டர். அந்தத் தூரத்துக்கும் அதுல பாதித் தூரத்துக்கும்தான் சோதனை. 25 கஜத்துல சுட்டுப் படம் போடுறவனை விட்டுடுங்க, அவன் மான் வேட்டைக்காரன்.

ரேஞ்சுல பெரிய பழுப்புத் தாளை மாட்டுங்க, நடுவுல ஒரு புள்ளி. ஒரு தாளுக்கு ஒரே ஒரு வெடி. சுட்டுட்டு ஓட்டையை எண்ணுங்க, 20 ரவைன்னு பெட்டியில இருந்தா தாள்ல 20 ஓட்டை இருக்கணும். பக்கத்துலயே தேதி, தூரம், கேட்ரிஜ் பேரு, லாட் நம்பர் எழுதுங்க. அடுத்தது வேற பெட்டி. ஒவ்வொரு வகைக்கும் சில தாளாவது வேணும், ஒரு தாளைப் பார்த்து முடிவு பண்றது லாட்டரியில ஒரு தடவை ஜெயிச்சவன் கதை.

இப்ப தாளைப் படிக்கலாம்.

மொத்தமும் ரொம்பப் பரந்து, வீட்டு நீளத்துலயே ஆள் நெஞ்சை விட அகலமா போச்சுன்னா, மலிவான மெத்து ஈய லோடா இருக்கலாம். வெடிச்ச நிமிஷத்துல முன்னாடி இருக்குற ரவையோட கனம் பின்னாடி இருக்குறதை நசுக்குது, குழல் சுவர்ல உரசுறது தட்டையாகுது, தட்டையான ரவை நேராப் பறக்காது, எங்கயாவது ஒதுங்கும். அதுக்குத்தான் கெட்டியான ஈயம், செம்பு முலாம், நடுவுல பிளாஸ்டிக் தூள். வேகம் கூடக்கூட நசுங்கலும் கூடும், அதனால பெட்டியில பெருசா வேகம் எழுதியிருக்குறதைப் பார்த்து மயங்காதீங்க, வேகம் கம்மியான லோடு தாள்ல இன்னும் நெருக்கமா விழறதை நானே நிறைய பார்த்திருக்கேன். 12 கேஜ்ல ஃபெடரல்காரன் ஃப்ளைட்கன்ட்ரோல்னு ஒரு வாட், அதான் ரவையைத் தாங்குற பிளாஸ்டிக் கப், போட்டு ரவையை வெகுதூரம் சேர்த்தே கொண்டு போறான், யூட்யூப்ல அதைப் பார்த்துட்டு நம்ம பசங்க அதே கொத்து 20லயும் வரும்னு எதிர்பார்க்குறாங்க, 20ல அந்த மாதிரி சாய்ஸ் கம்மி.

நடுவுல ஓட்டை, சுத்தி வளையமா ரவை விழுந்திருக்கா, சோக்கைப் பாருங்க. குழல் முனையில சுருக்குற அந்தப் பாகம். ஃபுல் சோக் போட்டா பக்‌ஷாட் இன்னும் நெருக்கமாகும்னு நினைக்கிறது பொடி ரவைக்குச் சரி, பெரிய ரவையை இடுக்குல திணிச்சா அது ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டு வெளிய வரும்போது கலைஞ்சு போகும். சிலிண்டர், இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைட், அதாவது சுருக்கமே இல்லாததுல இருந்து நடுத்தரச் சுருக்கம் வரைக்கும், இந்த மூணுலயும் தாள் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் திறந்த பக்கம்தான் ஜெயிக்கும். ரவைக்குப் பதிலா ஒத்தை ஈயத் துண்டு, அதான் ஸ்லக், சுடுற எண்ணம் இருந்தா ஃபுல் சோக்கைக் கழட்டி டப்பாவுல போட்டுடுங்க.

எல்லாம் ஒன்னா விழுந்து ஒன்னே ஒன்னு மட்டும் ஒரு சாண் தள்ளி ஓடுதா? எல்லாக் கேஜ்லயும் உள்ள வியாதி. லோடை மாத்துறதுதான் மருந்து. வீட்டுக்குள்ள அந்த ஒரு ரவைக்கும் நீங்கதான் பொறுப்பு, அது போயி சேருற இடத்துல யாரு தூங்குறாங்கன்னு அது கேக்காது.

கொத்து நல்லா இருக்கு, ஆனா புள்ளியில இருந்து ஒரு பக்கமாவே விழுதுன்னா கேட்ரிஜைக் குறை சொல்லாதீங்க. முகம், தோள்ல வைக்கிற கட்டையில, ஒரே இடத்துல உக்காரல, இல்ல சைட் சரியா இல்ல, அதுவும் இல்லன்னா சோக் முழுசா முறுக்கப்படல.

"ஒரு கஜத்துக்கு ஒரு இஞ்ச் விரியும்"னு ஊரெல்லாம் சொல்ற கணக்கு இருக்கே, தோராயம்தான். உங்க தாள் வேற சொன்னா உங்க தாளை நம்புங்க. எப்படிப் பார்த்தாலும் ரூமுக்குள்ள விரியுறது உள்ளங்கை அளவு, அதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். குறி வைக்காம கதவுப்பக்கம் திருப்பி வெடிச்சாலே படும்னு சினிமாவுல காட்டுறது சுத்தப் பொய்.

"20 கேஜ்னா உதைக்காதுன்னாங்க, தோள் வீங்கிடுச்சு"

மேல சொன்ன கணக்கைத் திரும்பிப் பாருங்க, ஈயம் கிட்டத்தட்ட 12 அளவே போகுது, வேகம்தான் கொஞ்சம் கம்மி, ஆனா துப்பாக்கி இலேசு. கையால இழுத்துத் தள்ளி அடுத்த கேட்ரிஜை ஏத்துற 20 கேஜ் பம்ப் நிறைய ஆறு, ஆறரை பவுண்டுல வருது, 12 ஏழுக்கு மேல. இலேசான துப்பாக்கி அதிகமா உதைக்கும். மூணு இஞ்ச் லோடைப் போட்டா கேக்கவே வேண்டாம்.

அதனால முதல்ல ரெண்டே முக்காலுக்கு இறங்குங்க. அடுத்தது கட்டையோட நீளம். பெரியவங்களுக்குச் செஞ்ச கட்டை 14 இஞ்ச் பக்கத்துல இருக்கும், நம்ம வீட்டுப் பொண்ணுங்க அஞ்சடி ஒன்னு ரெண்டுன்னா கையை நீட்டி உடம்பைப் பின்னாடி சாய்ச்சுத்தான் பிடிக்க முடியும், அப்படி சாஞ்சு நின்னா உதை முழுசா வாங்கும். யூத் மாடல்னு 12, 13 இஞ்ச்ல விக்கிறாங்க, சின்னப் பையன் துப்பாக்கின்னு வெக்கப்படாம வாங்குங்க. முன்னங்கால் மடக்கி முன்னாடி சாயணும், பேட் தோள்க்குழியில உக்காரணும், தோள்மூட்டு எலும்புல இல்ல. நல்ல ரப்பர் பேட் மாத்துனா பாதிக் குறை போயிடும்.

பழகுறதுக்குப் பக்‌ஷாட்டே வேணும்னு இல்ல, பொடி ரவையில பழகிட்டு கடைசியில சில பக்‌ஷாட். காது கவசம் இல்லாம ஒரு வெடி கூட வேணாம், ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், 140க்கு மேல ஒரே வெடியில காது போகலாம்.

"பம்ப் சிக்குது" / "ஆட்டோ அடுத்ததை ஏத்தல"

பம்ப்ல சிக்குனா பத்துல எட்டு தடவை ஆள்தான், முழுசாப் பின்னாடி இழுக்காம பாதியில முன்னாடி தள்ளிடுறாங்க. பயத்துல இன்னும் மோசமாகும். டம்மி கேட்ரிஜ் போட்டு வீட்டுல நல்லா வேகமா, முரட்டுத்தனமா இழுத்துப் பழகுங்க.

ஆள் சரியா இழுத்தும் காலி கேஸ் வெளிய வராம ஒட்டிக்குதுன்னா, கேட்ரிஜோட அடிப்பக்கத்துல காந்தம் வச்சுப் பாருங்க. மலிவு லோடுல பித்தளைக்குப் பதிலா பித்தளை நிறம் பூசுன இரும்பு இருக்கும், சேம்பர் சொரசொரன்னு இருந்தா அது விரிஞ்சு சுருங்காம பிடிச்சுக்கும். சேம்பரை பிரஷ் போட்டு நல்லாத் தேய்ச்சு எடுங்க, அப்புறமும் ஒட்டுனா நிஜப் பித்தளை லோடுக்கு மாறுங்க.

ஆட்டோல நோயே வேற. மெதுவான லோடுக்குத் துப்பாக்கியை ஓட்டுற தெம்பு இருக்காது, கேஸ் பாதி வெளிய வந்து வாயில மாட்டும். பக்‌ஷாட் பொதுவா ஓட்டிடும், ஆனா "குறைஞ்ச உதை"ன்னு போட்டு விக்கிறதுல கவனமா இருங்க. வெடிமருந்து வாயுவால ஓடுற மாடல்னா வாயு வர்ற துவாரத்துல கரி அடைச்சிருக்கான்னு பாருங்க. இனர்ஷியால ஓடுற மாடல்னா உதையில துப்பாக்கியே பின்னாடி நகர்ந்தாத்தான் வேலை செய்யும், கட்டையில லைட்டு, பக்கத்துல உபரிக் கேட்ரிஜ் எல்லாம் கட்டிக் கனமாக்குனா மெதுவான லோடுல சண்டித்தனம் பண்ணும். வீட்டுல வைக்கப்போற அதே லோடை, அதே லைட்டு மாட்டுன நிலையில சுட்டுப் பார்த்து ஒரு சிக்கும் இல்லாம ஓடுனாத்தான் அதை நம்பணும்.

"கேட்ரிஜைப் போட்டேன், உள்ள போயிடுச்சு, காணோம்"

துப்பாக்கியைக் கீழ வைங்க, இன்னொன்னு போடாதீங்க.

வீட்டுல 12ம் 20ம் ரெண்டும் இருந்தா நடக்குறது இது. 20 கேஜ் கேட்ரிஜ் 12 கேஜ் சேம்பரைத் தாண்டி வழுக்கிப் போயி குழலுக்குள்ள அடைச்சு நிக்கும். பார்த்தா சேம்பர் காலியாத் தெரியும். "கிளிக்"னு மட்டும் கேக்கும், சரி மறந்துட்டோம்னு 12ஐப் போட்டு வெடிச்சா குழல் கிழியும், இடதுகை அங்கதான் இருக்கும். அமெரிக்காவுல 20 கேஜ் கேட்ரிஜ் எல்லாம் மஞ்சளா இருக்குறது இதுக்காகத்தான், 1960கள்ல இருந்து அந்த வழக்கம். மஞ்சளைப் பார்த்தா 20னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும், பழைய பெட்டி, வெளிநாட்டுப் பெட்டின்னா நிறத்தை நம்பாம அடியில பொறிச்சிருக்குற எண்ணைப் பாருங்க. ரெண்டு கேஜையும் ஒரே பையில போடாதீங்க. முடிஞ்சா வீட்டுல ஒரே கேஜ் வச்சுக்குறதே நல்லது.

"உள்ள போகுது, வெடிக்குது, ஆனா உதை வழக்கத்தை விட பயங்கரம்"

குழல்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ரெண்டே முக்கால்னு இருக்குற சேம்பர்ல மூணு இஞ்ச் கேட்ரிஜ் சாதாரணமா உக்காந்துடும், ஏன்னா அந்த நீளம் வெடிச்சு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம், வெடிக்காதது மடிஞ்சு குட்டையா இருக்கும். வெடிக்கிறப்ப மடிப்பு திறக்க இடம் இல்லாம குழல் இடுக்குல அடைக்கும், அழுத்தம் ஏறும். தாத்தா காலத்துத் துப்பாக்கியை யார்கிட்டயாவது வாங்கியிருந்தா இதைப் பார்க்காம ஒரு வெடி கூட வெடிக்கக்கூடாது.

"கிளிக்னு மட்டும் கேட்டுச்சு" / "புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு"

கிளிக்: முனையைப் பாதுகாப்பான பக்கமே வச்சு அரை நிமிஷமாவது அசையாம நில்லுங்க, சிலது தாமதமா வெடிக்கும். அப்புறம் எடுத்து அடியில ஊசி அடிச்ச தடம் ஆழமா இருக்கான்னு பாருங்க. லேசா இருந்தா துப்பாக்கி, ஆழமா இருந்தா கேட்ரிஜ்.

புஸ்: நிறுத்துங்க. வாட் குழலுக்குள்ளயே நின்னிருக்கும். காலி பண்ணி, குழலைக் கழட்டி, வெளிச்சம் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்தது.

ரெண்டுமே அதிகமா வர்றது ஈரம் பட்ட கேட்ரிஜ்ல. ஹூஸ்டன் காத்து நம்ம ஜார்ஜ்டவுன் காத்துக்குச் சளைச்சது இல்ல, கராஜ்ல வைக்காதீங்க. தோல் பெல்ட்டுல சொருகி வைக்கிறது அழகுதான், ஆனா தோல் பதனிடுற சாமான் பித்தளையில பச்சை பூக்க வைக்கும், எங்க அப்பாவோட பெல்ட்டுல வரிசையாப் பூத்திருந்துச்சு. காத்துப்புகாத டப்பா, உள்ள ஈரம் உறிஞ்சுற பாக்கெட். இன்னொன்னு, தினமும் ராத்திரி ஏத்தி காலையில இறக்குறவங்க அதே கேட்ரிஜையே திரும்பத் திரும்ப ஏத்தாதீங்க, வாய் மடிப்பு நைஞ்சு, விளிம்பு அடிபட்டு, வேண்டிய நேரத்துல ஏறாது. நைஞ்சதை ரேஞ்சுல சுட்டுத் தீர்த்துடுங்க.

"சுவத்தைத் தாண்டிப் போயி அடுத்த ரூம்ல ஓட்டை"

அங்க வீடு எப்படிக் கட்டுறாங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு மனசுல ஏறுறதில்ல. நம்ம ஊர்ல சுவர்னா செங்கல், சிமெண்ட் பூச்சு, ஆணி அடிக்கவே டிரில் வேணும். அங்க உள்சுவர்னா மரச்சட்டம், ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் ஜிப்சம் பலகை, நடுவுல காத்து. ஆளை நிறுத்துற ஆழம் போற எந்த ரவையும் அந்த மாதிரி ரெண்டு மூணு சுவரைத் தாண்டும், 3ம் நம்பரும் தாண்டும், டபுள் ஆட்டும் தாண்டும், கைத்துப்பாக்கித் தோட்டாவும் தாண்டும். சுவத்துல நிக்கிற, ஆள் உடம்புல ஆழமாப் போற ரவைன்னு ஒன்னை எவனாவது வித்தா காசைப் பையிலயே வைங்க.

சின்ன ரவை சீக்கிரம் களைச்சுப் போகும்ங்கிறது உண்மை, அந்த விதத்துல 20 கேஜ்காரனுக்கு லேசா லாபம், ஆனா அதை நம்பிப் பிள்ளை படுக்குற ரூம் பக்கம் சுட முடியாது. மருந்து கேட்ரிஜ்ல இல்ல, நிக்கிற இடத்துல இருக்கு. வீட்டு வரைபடத்தை ஒரு தாள்ல போடுங்க, யாரு எங்க தூங்குறாங்கன்னு குறிங்க, எங்க நின்னு எந்தப் பக்கம் பார்த்தா பின்னாடி யாரும் இல்லன்னு பார்த்து வைங்க. மாமியார் ரூமை மாத்த வேண்டி வந்தா மாத்துங்க, சண்டை வந்தா வரட்டும். எல்லாரும் ஒரே ரூமுக்கு வந்து கதவைப் பூட்டிக்கிட்டு 911க்கு அடிக்கிறதுதான் எங்க அக்கா வீட்டுத் திட்டம், துப்பாக்கி அந்தக் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான். எப்ப சுடலாம்ங்கிற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற, அதை ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து கேட்டுடுங்க.

ஸ்லக் பத்தியும் கேக்குறாங்க. 20ல முக்கால் அவுன்ஸ் ஒத்தைத் துண்டு. வீட்டுக்குள்ள வேண்டாம்.

"20ஏ கனமா இருக்கு, .410 வாங்கலாமா?"

.410 கேஜே இல்ல, அது இஞ்ச் அளவு. கேஜ் கணக்குல பார்த்தா 67 பக்கம் வரும். அதுல ரவை ஒன்னு மேல ஒன்னா நிக்கும், ட்ரிபிள் ஆட், .36 இஞ்ச், ரெண்டரை இஞ்ச் கேட்ரிஜ்ல மூணு இல்ல நாலு, மூணு இஞ்ச்ல அஞ்சு. ரவை ஒவ்வொன்னும் 70 கிரெயின், ஆழம் போகும், எண்ணிக்கைதான் இல்ல. கையில தெம்பு இல்லாத பெரியவங்களுக்கு அது மோசம் இல்ல. மூணு இஞ்ச் ட்ரிபிள் ஆட் வாங்கி அதே மாதிரி தாள் போட்டுப் பாருங்க.

ஆனா ரிவால்வருக்குன்னு செஞ்ச விளையாட்டு லோடு நிறைய வருது. ஹார்னடியில ஒரு ஸ்லக்கும் ரெண்டு உருண்டையும், வின்செஸ்டர்ல மூணு வட்டுத் தகடும் பன்னெண்டு குட்டி ரவையும். பெட்டி பார்க்கப் பகட்டா இருக்கும். எனக்குப் பிடிக்கல, வேற வேற எடை வேற வேற இடத்துல விழுது, அந்தக் குட்டி ரவை ஆழமும் போகாது. .45 கோல்ட் தோட்டா சில .410 சேம்பர்ல நுழையும், ரிவால்வர்ல ரெண்டும் போகுதேன்னு ஷாட்கன்லயும் போட்டுடாதீங்க.

"ஊருக்கு வர்றேன், பைக்குள்ள ஏதாச்சும் கிடக்குமா?"

கிடக்கும். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன அதே பையில துணி அடுக்கி ஃப்ளைட் ஏறுறவங்க இருக்காங்க. பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் ஸ்கேன்ல ஒரு மஞ்சள் கேட்ரிஜ் தெரிஞ்சா "அமெரிக்காவுல இது சாதாரணம் அண்ணே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவுல தோட்டா வச்சிருந்ததுக்கே ஏழு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல பத்தாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ரேஞ்சுக்குன்னு தனிப் பை வைங்க, அது ஏர்போர்ட் பக்கமே வரக்கூடாது. ஜாக்கெட் பாக்கெட், பிள்ளை ஸ்ட்ரோலரோட அடித்தட்டு, காருக்குள்ள கிடந்து பைக்கு மாறுன சில்லறை டப்பா, எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க. வெடிச்ச காலி கேஸைத் தம்பி பிள்ளைக்கு ஞாபகார்த்தமாக் கொண்டு வர்ற ஆசையும் வேண்டாம், சாக்லேட் வாங்கிட்டு வாங்க.